கழுத்துக்குள் விரித்த குடை

இரண்டு விரலை எடுத்து குரல்வளைக்குப் பக்கவாட்டில், தாடைக்குக் கொஞ்சம் கீழே மெதுவா வச்சுப் பாருங்க. துடிக்குதா? அதுதான் கரோட்டிட் தமனி. ஒரு பக்கம் மட்டும் தொடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம். ஏன்னு அதன் பேரிலேயே இருக்கு. கிரேக்க மொழியில் 'கரோஸ்' என்றால் மயக்கம், எழுப்ப முடியாத தூக்கம் மாதிரியான ஒரு நிலை. இதை அழுத்தினால் ஆள் மயங்கிப்போவான் என்று பழைய கிரேக்க வைத்தியர்கள் நினைத்தார்கள், அதனால் வந்த பெயர்.

இந்த இழை, அந்தத் தமனிக்குள்ளே விரிக்கிற ஒரு குட்டிக் குடையைப் பற்றியது. விரிந்தால் ஒரு பட்டாணி அகலம் இருக்கும். கழுத்துத் தமனியில் ஸ்டென்ட் வைக்கும்போது உதிர்கிற குப்பை மூளைக்குப் போகாமல் பிடிக்கிற வடிகட்டி. அதை உள்ளே வைப்பதைப் பற்றி எல்லாரும் சொல்லுவாங்க. நான் சொல்லப்போறது அதை வெளியே எடுக்கிற கதை. சிக்கல் எல்லாம் அங்கதான் இருக்கு. கொஞ்சம் நீளம், ஒரு டீயோட உட்கார்ந்து படிங்க.

முதல்ல வழியைத் தெரிஞ்சுக்குவோம். நெஞ்சிலிருந்து மேலே வரும் கரோட்டிட் தமனி தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரியும். ஒரு கிளை முகத்துக்கு. இன்னொன்று மூளைக்கு. ஆறு பிரியும் இடத்தில் மணல் ஒதுங்குகிற மாதிரி இந்தக் கவட்டில்தான் கொழுப்பும் சுண்ணாம்பும் படியும். புகை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொலஸ்ட்ரால், வயசு எல்லாம் கூட்டாகச் செய்கிற வேலை. குழாய் சுருங்கினால் ரத்தம் குறையும், அதனால் பக்கவாதம் வரும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. படிவின் மேல்தோல் கிழிந்து, உள்ளிருந்து ஒரு துணுக்கோ, கிழிந்த இடத்தில் உறைந்த ரத்தக்கட்டியோ கழன்று, ஓட்டத்தோடு மேலே போய் மூளையின் சின்னக் குழாய் ஒன்றில் அடைத்துக்கொள்ளும்.

இந்தத் தொடர்பை அழுத்தமாக எடுத்துச் சொன்னவர் மில்லர் ஃபிஷர், கனடா நாட்டு நரம்பியல் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் கப்பற்படை மருத்துவராகப் போய், கப்பல் மூழ்கி, ஜெர்மானியர் கையில் சிக்கி, மூன்று வருஷத்துக்கு மேல் போர்க்கைதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். பக்கவாதம் வந்த ஒரு நோயாளி அவரிடம், அதற்கு முன்னால் சில தடவை ஒரு கண் மட்டும் திடீர்னு இருட்டிப்போய்த் தானே சரியானதைச் சொன்னார். ஃபிஷர் அங்கே நின்று யோசித்தார். இருண்ட கண் ஒரு பக்கம், விழுந்த கை கால் எதிர்ப் பக்கம். எப்படிப் பொருந்தும்? ஒரு பக்கக் கழுத்துத் தமனி அதே பக்கத்துக் கண்ணுக்கும் அதே பக்கத்து மூளைக்கும் ரத்தம் கொடுக்கிறது. மூளையின் அந்தப் பாதி, உடம்பின் எதிர்ப் பாதியை ஆள்கிறது. அப்படிப் பார்த்தால் ரெண்டும் ஒரே புள்ளியில் வந்து நிற்கும்: கழுத்து. 1951-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். என்றாவது ஒருநாள் அறுவை மருத்துவர்கள் இந்த அடைப்புக்கு வழி கண்டுபிடிப்பார்கள் என்றும் அதில் எதிர்பார்த்தார்.

(இடையில் ஒண்ணு. ஒரு கண் திரை விழுந்த மாதிரி சில நிமிஷம் இருண்டு சரியாப் போச்சுன்னா, இல்ல ஒரு கை மரத்து, வாய் கோணி, பேச்சு குழறி, அப்புறம் தானா சரியாப் போச்சுன்னா, "சரியாயிடுச்சே"ன்னு வீட்ல படுத்துடாதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க. பெரிய பக்கவாதம் வர்ற ஆபத்து அதுக்கு அடுத்த சில நாள்லதான் அதிகம்.)

ஃபிஷர் எதிர்பார்த்தது நடக்க ரொம்ப நாள் ஆகவில்லை. 1953-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி கழுத்துத் தமனியைத் திறந்து படிவை எடுத்தார். ஆனால் அதை அவர் விரிவாகப் பதிவு செய்தது 1975-ல். அதனால் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது 1954 மே மாதம் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் மூவரும் சேர்ந்து சிகிச்சை தந்த ஒரு பெண்மணியின் கதை. திரும்பத் திரும்ப வந்து போகும் தாக்குதல்களால் அவதிப்பட்டவர். ரத்த ஓட்டத்தை நிறுத்தும் நேரத்தில் மூளை தாங்கவேண்டுமே என்று அவர் உடம்பையே குளிர வைத்துச் செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் லான்செட் இதழில் வந்தது.

இந்த அறுவையில் இருந்த ஒரு நுணுக்கத்தை இங்கே பிடித்து வச்சுக்கங்க, பின்னால் தேவைப்படும். தமனிக்கு மேலேயும் கீழேயும் கிடுக்கி போட்டு மூடி, கீறித் திறந்து, படிவை உரித்தெடுத்து, தைத்துவிடுவார்கள். தையல் முடிந்த பிறகு கிடுக்கிகளை இஷ்டத்துக்கு எடுக்கக்கூடாது. முதலில் ரத்தத்தை முகத்துக்குப் போகும் கிளையில் திறந்துவிடுவார்கள். உள்ளே தப்பிக் கிடக்கும் துணுக்கோ காற்றுக்குமிழியோ அந்தப் பக்கம் போய்த் தொலையட்டும், முகம் தாங்கிக்கொள்ளும். சில நொடி கழித்துத்தான் மூளைக்கிளை. ஆக, குப்பை உதிரும் என்பதும் அது போகும் திசையை நாம்தான் முடிவு செய்யவேண்டும் என்பதும் அறுவை மருத்துவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

1991-ல் வந்த நாஸ்செட் ஆய்வு இந்த அறுவைக்கு முத்திரை குத்தியது. ஏற்கெனவே அறிகுறி வந்து, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தவர்களில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு இரண்டு ஆண்டில் அந்தப் பக்கத்துப் பக்கவாதம் 26 சதவீதம். அறுவை செய்தவர்களுக்கு 9 சதவீதம்.

இதே காலத்தில் இன்னொரு கூட்டம் கத்தி இல்லாமல் உள்ளே போக வழி பார்த்துக்கொண்டிருந்தது. 1964-ல் சார்லஸ் டாட்டர் காலில் உள்ள தமனியைக் கதீட்டராலேயே விரித்தார். 1977-ல் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் சூரிச்சில் இதயத் தமனியில் பலூன் விட்டார். ஜெர்மனியில் கிளாவுஸ் மத்தியாஸ் கழுத்துக்கும் இதைக் கொண்டுவரலாம் என்று 1970-களின் இறுதியிலேயே இறங்கினார்.

பலரும் பதறினார்கள். பதற்றத்தில் நியாயம் இருந்தது. பலூன் விரியும்போது படிவு நொறுங்கும். கால் தமனியில் ஒரு துணுக்கு தப்பினால் விரல் நுனியில் கொஞ்சம் நோகும். மூளைக்குள் ஊடுருவும் பல குழாய்கள் அரை மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாதவை. அங்கே ஒரு உப்புக்கல் அளவு போதும், பேச்சு போய்விடும். அறுவை மருத்துவர் கிடுக்கி போட்டுக்கொள்கிறார், இங்கே கிடுக்கி எங்கே?

முதல் பதில் பிரான்ஸிலிருந்து வந்தது. கான் நகரத்து நரம்புக் கதிரியக்க மருத்துவர் ஜாக் தெரோன், ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் கதீட்டர் தொகுதி ஒன்றை வடிவமைத்து 1990-ல் வெளியிட்டார். அடைப்புக்கு அப்பால், மூளைப் பக்கத்தில், ஒரு சின்ன பலூனை ஊதிக் குழாயை முழுக்க மூடிவிடுவது. பிறகு அடைப்பை விரிப்பது. உதிர்ந்த குப்பை தேங்கி நிற்கும். அதை உறிஞ்சியெடுத்து, மிச்சத்தை முகக்கிளைப் பக்கம் கழுவித் தள்ளிவிட்டு, கடைசியில் மூளைப் பக்கத்துப் பலூனைச் சுருக்குவது. மேலே சொன்ன கிடுக்கி வரிசை ஞாபகம் வருதா? அதையே குழாய்க்குள்ளிருந்து செய்தார் மனுஷன்.

ஆனால் பலூன் ஊதியிருக்கும் நேரம் முழுக்க அந்தப் பக்க மூளைக்கு அந்த வழியில் ரத்தம் இல்லை. மூளையின் அடியில் நாலு பக்கத்துத் தமனிகளையும் இணைக்கும் ஒரு வளையம் இருக்கிறது. 1664-ல் தாமஸ் வில்லிஸ் விவரித்ததால் அவர் பேரிலேயே வழங்குகிறது. அந்த வளையம் நல்லா இருந்தால் மறுபக்கத்திலிருந்து ரத்தம் வந்து சமாளிக்கும். எல்லாருக்கும் அது முழு வளையமாக அமைவதில்லை. சிலர் பலூன் ஊதியவுடனே குழறுவார்கள், மயங்குவார்கள். மூடாமல் பிடிக்க வழி இருக்கா என்று தேடியது அதனால்தான். ரத்தம் போகட்டும், குப்பை மட்டும் நிற்கட்டும். நம்ம வீட்டு டீ வடிகட்டி.

ரத்தக்குழாய்க்குள் வடிகட்டி வைப்பது அப்போது புதிய யோசனை இல்லை. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பதைத் தடுக்க, வயிற்றில் ஓடும் பெரிய சிரையில் வைக்கிற குடை வடிகட்டியை 1960-களின் இறுதியில் மொபின்-உத்தின் கொண்டுவந்தார். 1973-ல் வந்த கிரீன்ஃபீல்டு வடிகட்டி இன்னும் பெயர்பெற்றது. அறுவை மருத்துவர் லாசர் கிரீன்ஃபீல்டுக்கு அதைச் செய்துகொடுத்தவர் எண்ணெய்த் தொழிலில் இருந்த ஒரு பொறியாளர். எண்ணெய்க் குழாய்களில் கசடைப் பிடிக்கப் போடும் கூம்பு வடிவம்தான் மூலம். கூம்பின் நுனியில் குப்பை சேர்ந்தாலும் ஓரங்களில் ஓட்டம் நிற்காது. அழகான யோசனை.

ஒரே ஒரு வித்தியாசம். அவை வைத்துவிட்டு வருகிற வடிகட்டிகள். கட்டி சிக்கினால் அங்கேயே கிடந்து மெல்லக் கரையும். கழுத்தில் அப்படி விட முடியாது. உதிர்வது கொழுப்பும் சுண்ணாம்பும், அது கரையாது. வேலை முடிந்த சில நிமிடத்தில், பிடித்த குப்பையோடு, ஒரு துளி சிந்தாமல், இப்போதுதான் விரித்த ஸ்டென்ட்டுக்கு நடுவே புகுந்து வெளியே எடுத்து வரணும். கழுத்து ஃபில்டரின் வடிவம், பொருள், சண்டை எல்லாமே இந்த ஒரு கட்டாயத்தில் பிறந்தவை.

நூல் மாதிரிச் சுருங்கிப்போய், உள்ளே குடையா விரிந்து, மறுபடியும் சுருங்கி வரவேண்டும் என்றால் எந்த உலோகம் தாங்கும்? நிட்டினால். நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. அமெரிக்கக் கப்பற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் உருவாக்கியது. ஏவுகணை மூக்குக்கு ஏற்ற உலோகம் தேடும்போது அகப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் ஒரு கூட்டத்தில் மடித்து மடித்து வைத்த அதன் பட்டையை எல்லாரும் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் விளையாட்டாகத் தன் லைட்டரை அதன் கீழே பிடித்தார். பட்டை தானே நிமிர்ந்து நீண்டது. ஏவுகணையை விட ரத்தக்குழாய்க்குத்தான் அது அதிகம் உழைத்தது என்பேன்.

1994-ல் அமெரிக்காவின் அலபாமாவில், க்ரூன்ட்சிக்கோடு வேலை பார்த்திருந்த கேரி ரூபின் தலைமையில் ஒரு குழு கழுத்து ஸ்டென்ட்டை முறையாகச் செய்யத் தொடங்கியது. அப்போது ஃபில்டர் கிடையாது. கிட்டத்தட்ட அதே காலத்தில் நியூயார்க்கில் டகாவோ ஓகி என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர், அறுவையில் முழுசாக எடுத்த மனிதப் படிவுகளை ஒரு செயற்கைக் குழாய்ச் சுற்றில் பொருத்தி, அவற்றில் பலூனும் ஸ்டென்ட்டும் வைத்து, வெளியே வந்த நீரை வடிகட்டிப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை, எல்லாப் படிவும் துணுக்கு உதிர்த்தது. அடுத்த சோதனையில் நடுவே ஒரு ஃபில்டரை வைத்தார். பெரும்பகுதி சிக்கியது. எல்லாம் சிக்கவில்லை.

அலபாமா குழுவிலிருந்த ஜெய் யாதவ் உருவாக்கிய ஃபில்டர்தான் ஆஞ்சியோகார்டு. நிட்டினால் கம்பிகள், அதன் மேல் பாலியூரித்தேன் சவ்வு, சவ்வில் லேசரால் போட்ட 100 மைக்ரான் துளைகள். ஒரு தலைமுடித் தடிமன் என்று வச்சுக்கங்க. சிவப்பணு 7, 8 மைக்ரான்தான், சுலபமாகப் போய்விடும். துளையை இன்னும் சிறிதாக்கினால் ரத்தத்தட்டுகள் ஒட்டி ஃபில்டரே அடைத்துவிடும், பெரிதாக்கினால் குப்பை தப்பும். பிறகு வலை வடிவில், பட்டாம்பூச்சி பிடிக்கும் வலை மாதிரி வளையம் வைத்து, கம்பிப் பின்னலில் என்று ஃபில்டர்வயர், ஸ்பைடர், எம்போஷீல்ட், அக்யுநெட் எல்லாம் வந்தன.

இப்ப கேத் லேபுக்குள்ள வாங்க. தொடையில் ஒரு துளை. கதீட்டர் வயிறு, நெஞ்சு தாண்டிக் கழுத்துக்கு வருது. மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள வயர், அதன் நுனிக்கருகில் மடக்கிய ஃபில்டர். அது அடைப்பைத் தாண்டி மேலே போய் விரிகிறது. பாருங்க, தாண்டுகிற அந்த நிமிடம் பாதுகாப்பே இல்லாத நிமிடம். குடையை விரிக்கக் குடையில்லாமல் மழையில் இறங்கித்தான் ஆகவேண்டும். பிறகு அந்த வயரே தண்டவாளம். அதன் மேல் ஸ்டென்ட் வரும், விரியும், பலூன் வரும், ஊதும். ஊதும்போது இதயத்துடிப்பு சட்டென்று குறையும். கிரேக்கர்கள் விரலால் அழுத்திய அதே இடத்தை நாம் உள்ளிருந்து அழுத்துகிறோம். அட்ரோபின் ஊசியில் தயாராக இருக்கும்.

நோயாளி விழித்திருப்பார். பேச்சு கொடுத்துக்கொண்டே இருப்போம். சில இடங்களில் எதிர்ப்பக்கக் கையில் அமுக்கினால் கீச்சென்று கத்தும் குழந்தை பொம்மை ஒன்றைக் கொடுப்பார்கள். "அமுக்குங்க" என்றால் கீச். மறுபடி கீச். லட்சக்கணக்கில் பணம் போட்ட மெஷின்களுக்கு நடுவே, மூளை நல்லா இருக்குன்னு சொல்ற கருவி அந்த ரப்பர் வாத்துதான்.

ஸ்டென்ட் அழகாக விரிந்துவிட்டது. படம் பார்த்து எல்லாரும் மூச்சு விடுவார்கள். அந்த மூச்சு சீக்கிரம் விட்ட மூச்சு. ஃபில்டர் இன்னும் மேலே இருக்கு.

எடுப்பதற்கு வயர் மேலேயே இன்னொரு மெல்லிய உறைக்குழாய் போகும். ஸ்டென்ட்டுக்கு நடுவே புகுந்து, ஃபில்டரின் வாய்வரை போய், அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாட்டி வைத்திருக்கும் சுருக்குப்பையை நினைச்சுக்கங்க. கயிற்றை இழுத்தால் முதலில் வாய் மூடும். உள்ளே இருப்பது வெளியே வராது. ஆனால் பை நிறைய வெற்றிலை, பாக்கு, சில்லறை எல்லாம் திணித்திருக்கும்போது அந்தப் பையை முழுசாக ஒரு மோதிரத்துக்குள் இழுத்தால்? பிதுங்கும். ஃபில்டரும் அப்படித்தான். குறைவாகப் பிடித்திருந்தால் முழுக்க உறைக்குள் இழுக்கலாம். நிறைந்திருக்கும் ஃபில்டரை முழுக்க இழுத்தால், பிடித்த குப்பையை நாமே கையால் பிழிந்து மூளைக்கு அனுப்புகிறோம்.

நிறைந்திருக்கு என்று எப்படித் தெரியும்? சாயம் செலுத்திப் பார்த்தால் ஓட்டம் மந்தமாக இருக்கும், அல்லது நின்றே போயிருக்கும். கிளீவ்லாந்தில் ஒரு பெரிய தொகுப்பைப் பார்த்தபோது சுமார் பத்தில் ஒருவருக்கு இப்படி ஆனது 2005-ல் பதிவானது. அவர்களுக்குப் பக்கவாதமும் அதிகம். ஓட்டம் நின்றதைப் பார்த்தவுடன் பதறி ஃபில்டரை வெடுக்கென்று எடுப்பது இயல்பாக வரும் கை. அது தப்பான கை. ஃபில்டருக்குக் கீழே தேங்கி நிற்கும் ரத்தத்தில் துணுக்குகள் மிதந்துகொண்டிருக்கும். ஃபில்டரை எடுத்தால் அத்தனையும் ஒரே மூச்சில் மேலே போகும். முதலில் உறிஞ்சும் கதீட்டரை விட்டு அந்தத் தேக்கத்தை இழுத்தெடுக்கணும். பிறகு ஃபில்டரின் வாயை மட்டும் மூடி, பையைப் பிதுக்காமல், பாதி உறையில் பாதி வெளியிலாக மெதுவாக இறக்கிக் கொண்டுவரணும்.

இன்னொரு சிக்கல் எதிலும் எதுவும் நிறையாதபோதும் வரும். உறைக்குழாய் ஸ்டென்ட்டைத் தாண்டவே மாட்டேன் என்று நிற்கும். வயர் மெல்லிசு, உறையின் வாய் அகலம். இரண்டுக்கும் நடுவே ஒரு விளிம்பு இருக்கும். நேர்க்குழாயில் பிரச்சினை இல்லை. வளைந்த தமனியில் வயர் வளைவின் வெளிச்சுவரை ஒட்டிப் போகும், உறையின் விளிம்பு ஸ்டென்ட் கம்பியில் போய் இடிக்கும். சில ஸ்டென்ட்களின் கம்பிகள் வளைவில் மீன் செதில் மாதிரித் தூக்கி நிற்கும், அதில் மாட்டினால் இன்னும் கஷ்டம். பலமாகத் தள்ளினால் ஸ்டென்ட் நகரலாம், மேலே ஃபில்டர் குதித்துக் குழாய்ச் சுவரைக் கிழிக்கலாம், குழாய் கோபித்துக்கொண்டு இறுகிப்போகலாம்.

பயிற்சிக் காலத்தில் இப்படி ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எழுபதைத் தாண்டிய பெரியவர். உறை மூன்று முறை ஒரே இடத்தில் நின்றது. நேரம் ஆக ஆக ஃபில்டரில் ரத்தம் உறையும், அது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. எங்கள் சீனியர் கையைத் தளர்த்திவிட்டு நோயாளியின் முகத்துப் பக்கம் குனிந்தார். "ஐயா, தலையை லேசா இடது பக்கம் திருப்புங்க. போதும். இப்ப எச்சில் முழுங்குங்க." பெரியவர் முழுங்கினார். திரையில் கழுத்து ஒரு அசை அசைந்தது, உறை வழுக்கிக்கொண்டு மேலே போனது. "முழுங்கிட்டேன் டாக்டர், இன்னொரு தடவை முழுங்கணுமா?" என்றார் அவர். வேண்டாம்ங்க ஐயா.

இதெல்லாம் ஆரம்பத்தில் எந்தக் கையேட்டிலும் கிடையாது. தலையைத் திருப்பு, மூச்சை இழு, முழுங்கு, கழுத்தை வெளியிலிருந்து விரலால் லேசாகத் தள்ளு. அதற்கும் மசியவில்லை என்றால் பெரிய கதீட்டரையே ஸ்டென்ட்டுக்குள் ஏற்றி அதன் வழியாக உறையை அனுப்பு. ஸ்டென்ட்டை இன்னொரு தடவை பலூனால் ஊதித் தூக்கி நிற்கும் கம்பியை அமுக்கு. நேரான உறைக்குப் பதில் நுனி வளைந்த ஆஞ்சியோ கதீட்டரை எடுத்து, நுனியைத் திருப்பித் திருப்பிக் கம்பியிலிருந்து விலக்கிப் போ. மருத்துவர்கள் மேஜையருகே கண்டுபிடித்த இந்தக் கைவேலைகள் ஒவ்வொன்றாக இதழ்களில் ஒரு பக்கக் குறிப்புகளாக வந்தன. நுனி வளைந்த மீட்பு உறைகளும் பிறகு விற்பனைக்கு வந்தன. மிக அரிதாக, எதுவும் பலிக்காமல் கழுத்தைத் திறந்து ஃபில்டரை எடுத்த பதிவுகளும் உண்டு. எந்த அறுவையைத் தவிர்க்க இதெல்லாம் வந்ததோ, அதே அறுவை.

சரி, இவ்வளவு பாடுபட்டு வைத்து எடுக்கிற ஃபில்டர் உண்மையிலேயே பக்கவாதத்தைக் குறைக்குதா? இதுக்கு "ஆமா"ன்னு சட்டுனு சொல்ல எனக்கு ஆசைதான்.

2003 தொடக்கத்தில் பிரான்ஸில் ஈவா-3எஸ் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அப்போது பாதுகாப்புக் கருவி மருத்துவர் விருப்பம். கண்காணிப்புக் குழு கணக்கைப் பார்த்தது: கருவி இல்லாமல் செய்த 15 பேரில் 4 பேருக்குப் பக்கவாதம், கருவியோடு செய்த 58 பேரில் 5 பேருக்கு. இனிக் கருவி இல்லாமல் செய்யாதீர்கள் என்று எச்சரித்தார்கள். சின்ன எண்கள்தான், ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். 2004-ல் வந்த சஃபையர் ஆய்வில் அறுவைக்கு ஆபத்து அதிகமுள்ள 334 பேர்; ஆஞ்சியோகார்டோடு வைத்த ஸ்டென்ட் அறுவையை விடக் குறைச்சல் இல்லை என்று வந்தது. கருவியைத் தயாரித்த நிறுவனமே செலவு செய்த ஆய்வு, வித்தியாசத்தில் பெரும்பங்கு மாரடைப்புக் கணக்கில் வந்தது என்பதையும் சேர்த்தே படிக்கணும். அதே ஆண்டு அமெரிக்காவில் ஸ்டென்ட்டும் ஃபில்டரும் ஜோடியாக அனுமதி பெற்றன. பாதுகாப்புக் கருவி இல்லாமல் செய்தால் அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தராது என்றும் ஆனது.

அத்தோடு ஒரு கதவு சாத்திக்கொண்டது. ஃபில்டரோடு பாதிப் பேர், ஃபில்டர் இல்லாமல் பாதிப் பேர் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு பெரிய ஆய்வு நடத்த இனி யார் துணிவார்கள்?

ஆனால் பக்கவாட்டிலிருந்து சங்கடமான தகவல்கள் வந்துகொண்டே இருந்தன. 2006-ல் ஜெர்மானிய ஸ்பேஸ் ஆய்வில் ஃபில்டர் கட்டாயமில்லை, பெரும்பாலானவர்களுக்கு வைக்கவும் இல்லை. வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. நெதர்லாந்தில் ஒரு குழு, மண்டையோட்டின் மேல் டாப்ளர் கருவியை வைத்து, துணுக்குகள் மூளைத்தமனியைக் கடக்கும்போது வரும் 'கிளிக்' சத்தங்களை எண்ணியது. ஃபில்டர் வைத்தவர்களிடம் அந்தச் சத்தம் அதிகமாகக் கேட்டது. 2010-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். ஃபில்டர் போன்ற கருவிகளை வழக்கமாகப் பயன்படுத்திய மருத்துவமனைகளில் ஸ்டென்ட் வைத்த 51 பேரில் 37 பேருக்கு மூளையில் புதிய சிறு புள்ளிகள். பயன்படுத்தாத மருத்துவமனைகளில் 73 பேரில் 25 பேருக்கு. எதிர்பார்த்ததற்கு நேர் தலைகீழ்.

அவசரப்பட்டு "ஃபில்டரே மோசம்"னு ஷேர் பண்ணிடாதீங்க. அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளியே தெரியும் அறிகுறி கிடையாது. மருத்துவமனைக்கு மருத்துவமனை கைப்பழக்கம், ஸ்டென்ட் வகை எல்லாம் வேறு. ஆனால் ஏன் இப்படி ஆகலாம் என்பதற்குக் காரணங்கள் மேலே நான் சொன்னதிலேயே இருக்கு. அடைப்பைக் குடையில்லாமல் தாண்டுவது. வளைந்த குழாயில் குடையின் விளிம்பு சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விடுவது. 100 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூசி. எடுக்கும்போது பிதுங்குவது. இன்னொன்றும் உண்டு. சிலருக்கு எதிர்ப்பக்க மூளையிலும் புள்ளிகள் தெரிந்தன. அது கழுத்துப் படிவிலிருந்து வந்திருக்க முடியாது. ஃபில்டர் விரிவதற்கு முன்பே, நெஞ்சுக்குள் பெருந்தமனியின் வளைவைக் கதீட்டர் உரசிக்கொண்டு வந்தபோது உதிர்ந்தது.

என் கருத்தைக் கேட்டால்: பழகிய கையில், நல்ல நேரான குழாயில், ஃபில்டர் பெரிய துணுக்குகளைப் பிடிக்கிறது, அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது நிரூபிக்கப்பட்ட காப்பு என்று நோயாளியிடம் சொல்ல எனக்கு வாய் வராது. வெளியே வந்த ஃபில்டரில் மஞ்சள் துணுக்கைப் பார்க்கும் மருத்துவர், "இது மேலே போயிருந்தால்?" என்று சிலிர்ப்பார். தப்பிப் போனதை யாரும் பார்ப்பதில்லை.

மூடவும் வேண்டாம், வடிகட்டவும் வேண்டாம், ஓட்டத்தையே திருப்பிவிடுவோம் என்று யோசித்தவர் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி. வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு உள்ளிருந்தே குழாய் பொருத்துவதை 1990-ல் செய்து காட்டியவரும் அவர்தான். கீழே பொதுத்தமனியிலும் முகக்கிளையிலும் பலூன் ஊதி மூடிவிட்டால், வில்லிஸ் வளையத்திலிருந்து வரும் ரத்தம் மூளைக்கிளையில் தலைகீழாக இறங்கும். குப்பை உதிர்ந்தால் மூளையை விட்டு விலகித்தான் ஓடும். அடைப்பைத் தாண்டும் முதல் நிமிடத்திலிருந்தே காப்பு. ஆனால் பெருந்தமனி வளைவை உரசுவது அதிலும் மிஞ்சியது.

2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முறை அதையும் விட்டுவிட்டது. தொடை வழி, நெஞ்சு வழி எல்லாம் இல்லை. காறை எலும்புக்கு மேலே ஒரு சின்னக் கீறல், அங்கேயே தமனிக்குள் குழாய். குழாய்க்குக் கீழே தமனியைக் கட்டி நிறுத்துவார்கள், பழைய கிடுக்கி திரும்பி வந்துவிட்டது. தமனி ரத்தத்தின் அழுத்தம் அதிகம், சிரையில் குறைவு. அதனால் மோட்டார் எதுவும் இல்லாமலேயே ரத்தம் கழுத்திலிருந்து தலைகீழாக ஓடி, உடம்புக்கு வெளியே ஒரு குழாயில் வந்து, தொடைச் சிரை வழியாக உள்ளே திரும்பும். இதிலும் பலூன் ஊதும் அந்த நிமிடங்களுக்கு வில்லிஸ் வளையத்தைத்தான் நம்பணும், தெரோனின் பிரச்சினை முழுசாகப் போய்விடவில்லை.

ஃபில்டர் அதிலும் இருக்கு. ஆனால் கழுத்துக்குள் இல்லை. வெளியே ஓடும் அந்தக் குழாயின் நடுவே, துணி விரித்த மேஜை மேல் கிடக்கும். ஸ்டென்ட்டுக்குள் புகுந்து எடுக்கவேண்டாம், பாதி மடக்கி இறக்கவேண்டாம், யாரையும் எச்சில் முழுங்கச் சொல்லவேண்டாம். வேலை முடிந்ததும் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம், உள்ளே மஞ்சளா ஏதாவது இருக்கான்னு.